கன்னி மூலைத் தூண்

ஜூலை 28, ஞாயிறு

குடிவந்து இரண்டு மாதம் ஆகியும் பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. இந்த நோட்டு இன்றுதான் மிக்ஸிப் பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. என் மனைவி சம்பூர்ணம் பெட்டி கட்டிய லட்சணம் அப்படி.

மகள் மிருதுளாவுக்கு ஒதுக்கிய அறையின் கதவு பிடிக்கிறது. தோளால் ஓர் இடி கொடுத்தால்தான் திறக்கிறது. வீடு கட்டிய கம்பெனியின் செயலியில் புகார் போட்டேன். டீ ஆறுவதற்குள் சைட் இன்ஜினியர் தனசீலன் போனில் வந்துவிட்டான். "ஆடி மழைங்க சார். மரம் ஈரம் குடிச்சு ஊதிக்குமுங்க. நாளைக்கே ஆசாரிய அனுப்பறனுங்க" என்றான். தரைத்தளத்து ஜெசிந்தா டீச்சர் சமையலறைச் சுவரில் வெடிப்பு என்று ஒரு மாதமாகக் கத்துகிறார், ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கத்தினால் வேலை நடக்காது, ஆளைப் பிடிக்கத் தெரிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் குப்பை கொட்டிய எனக்கு அது தெரியும். இந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னைச் சும்மா செயலாளர் ஆக்கவில்லை.

மிருதுளாவுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. ஆவணியில் ஈரோட்டில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் இங்கே அழைத்துவர வேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. அவள் பிறந்தது வாடகை வீட்டில், வளர்ந்தது வாடகை வீட்டில். பெண் பார்க்க வந்தவர்களின் காரைக்கூட வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தவிடவில்லை. அவள் குழந்தையாவது சொந்தக் கூரைக்குக் கீழே வரட்டும் என்றுதான் சேர்த்ததையெல்லாம் கொட்டி, சரவணம்பட்டி தாண்டி இந்த மூன்றாம் மாடி வீட்டை வாங்கினேன். அந்த அறை தயாராக வேண்டும். எனக்கு இப்போது வேறு கவலை இல்லை.

ஜூலை 29

ஆசாரி வந்து கதவைச் சீவிவிட்டுப் போனார். வழுக்கிக்கொண்டு போகிறது. சம்பூர்ணம் சும்மா சும்மா திறந்து மூடிப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சங்கத்தின் மாதக் கூட்டம். ஜெசிந்தா டீச்சர் வழக்கம்போல் வெடிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூலைத் தூணிலிருந்து கிளம்பி ஜன்னல்வரை போய்விட்டதாம். யாரோ தெரிந்த இன்ஜினியரை அழைத்துவந்து, வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சுண்ணச்சாந்து வைத்து ஒட்டியிருக்கிறார். சுவர் அசைந்தால் சில்லு உடையுமாம். "வெளி ஆளை வெச்சு மொத்தக் கட்டடத்தையும் சோதிக்கணும், சங்கம் சம்மதிச்சாத்தான் முடியும்" என்கிறார். சோதனை என்ற சொல் வெளியே போனால் வீட்டை ஒருவர் வாங்குவாரா? விற்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முகமெல்லாம் கறுத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடித்து வைத்தேன்.

அந்த மூலையைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. இந்த இடம் முன்பு தோட்டம். தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், ஆழமான பெரிய கிணறு ஒன்று இருந்தது. கன்னி மூலையில் பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது. முன்பதிவு செய்த எல்லோரையும் திரட்டி, கிணற்றை மூடினால்தான் வாங்குவோம் என்று கம்பெனி முதலாளி கந்தவேல் முன்னால் போய் நின்றவன் நான். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும் என்பதால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் அந்த மூலைக்கே மாற்ற வைத்தேன். வரைபடம் போட்டவர் ஏதோ முனகினார், கந்தவேல் காதில் வாங்கவில்லை. ஒரே வாரத்தில் கிணற்றை மூடி, வெள்ளிக் காசு போட்டு, பூஜை செய்து கொடுத்தார். கிணற்றுக்காக விட்டிருந்த இடமும் வீணாகாமல் எங்கள் பிளாக் அதுவரை நீண்டது. மிருதுளாவின் அறை அப்படிக் கிடைத்ததுதான்.

ஆகஸ்ட் 14

டீச்சர் வீட்டுக் கண்ணாடிச் சில்லு உடைந்துவிட்டதாம். பந்து பட்டிருக்கும் என்றேன். "அவங்க சமையக்கட்டுக்குள்ள யாருங்க பந்து வெளையாடறாங்க?" என்று கேட்டாள் சம்பூர்ணம். இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

ஆகஸ்ட் 20

கதவு மறுபடி பிடிக்கிறது. ஆசாரி மறுபடி சீவினார். கதவுக்கு மேலே இப்போது ஒரு பக்கம் விரல் நுழைகிறது, மறுபக்கம் காகிதம்கூட நுழையாது. மனிதருக்கு நேராகச் சீவக்கூட வரவில்லை. தனசீலனிடம் ஆளை மாற்றச் சொன்னேன். "ஆள மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு, உடனே "வேற ஆளு பாக்கறனுங்க" என்றான்.

ஆகஸ்ட் 24, சனி

கந்தவேலே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மைசூர்பா டப்பா. முதலாளி என்ற பந்தா துளியும் இல்லாமல் சமையலறைவரை வந்து சம்பூர்ணத்தைக் கும்பிட்டார். பின்னாலேயே வேலையாட்கள். மிருதுளாவின் அறைச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே ஓடியிருந்த கீறலைப் பட்டி வைத்து அடைத்தார்கள். குழந்தை வருகிற அறை என்று சொன்னதும், "பாப்பாவுக்கு எந்தக் கலர் புடிக்குமோ அதையே அடிங்கடா" என்று உத்தரவு போட்டார்.

காபி குடித்தபடி டீச்சர் விஷயத்தைத் தொட்டார். "டெஸ்ட் வெக்கலாமுங்க ஐயா, எனக்கென்ன பயம்? ஆனா வர்றவன் மொதல்ல கெணத்தத்தான் நோண்டுவான். மூடச் சொன்னது யாரு, தொட்டிய அங்க வெக்கச் சொன்னது யாருன்னு கேப்பான். கடுதாசியில மொதக் கையெழுத்து உங்களுது. உங்க பேரு வீணா சந்தி சிரிக்கக் கூடாதேன்னு பாக்கறனுங்க."

என் பெயர்மேல் எவ்வளவு அக்கறை! இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதர். அவர் போன பிறகு மைசூர்பாவை ஒரு கடி கடித்து டப்பாவில் திரும்ப வைத்துவிட்டேன். நெய் அதிகம்.

செப்டம்பர் 5, வியாழன்

என் பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஈரோட்டில் வளைகாப்பு முடிந்து, கட்டுச்சோறு கட்டி, சாயங்காலம் காரில் அழைத்துவந்தோம். வாசலில் சம்பூர்ணம் ஆரத்தி எடுத்தாள். மிருதுளாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கே எனக்கா அப்பா?" என்று கேட்டாள். முப்பதை நெருங்குகிற பெண், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பூர்ணத்திடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்று சாகச் சொன்னாலும் சாவேன்.

செப்டம்பர் 12

மதியம் ஹாலில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். தரை ஓடுகள் இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூரை மாதிரி எழும்பி நிற்கின்றன. மிருதுளா பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி ஆட்கள் ஒரு மணி நேரத்தில் வந்து புது ஓடு பதித்துவிட்டார்கள். வெயில் சூட்டில் அப்படி ஆகுமாம். இன்று முழுக்கத் தூறல்தான். நேற்றைய வெயிலாக இருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தனசீலன் வீட்டைக் காலி செய்கிறான். எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், கம்பெனி அவனுக்குக் கொடுத்திருந்த வீடு. இலவசமாகக் கிடைத்த வீட்டை விட்டுவிட்டு யாராவது போவார்களா? படிக்கட்டில் பீரோவை இறக்கிக்கொண்டிருந்தவனை மடக்கிக் கேட்டேன். அவன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

"வேலையும் விட்டுட்டனுங்க சார்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மிருதுளா அக்காவ ஈரோட்டுக்கே அனுப்பிருங்களே" என்றான்.

"ஏன்டா? என்னாச்சு?"

"அந்த மூலை எறங்குதுங்க சார். கெணத்துல நல்லா மண்ணுப் போட்டு இறுக்கலீங்க, பழைய கட்டட இடிபாட்டக் கொட்டி மேலாப்புல மூடிட்டாங்க. தூணு அதும்மேல நிக்குது. உச்சியில தொட்டி வேற. நான் சொன்னனுங்க, எங்கிட்ட வாய மூடுன்னுட்டாங்க."

"வேலையை விட்டுப் போறவன் முதலாளியைப் பத்திக் கோள் சொல்லாம என்ன செய்வான்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. பீரோவின் மறுமுனையைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன்.

செப்டம்பர் 23

பழைய போட்டோ ஃபிரேமிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லு வெட்டி, மிருதுளா குளிக்கப் போயிருந்தபோது அவள் அறை பீரோவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டி வைத்தேன். பட்டி வைத்து அடைத்த இடத்தின் குறுக்கே. சும்மாதான். டீச்சரின் மூடநம்பிக்கையை நானே பொய்யாக்கிக் காட்டலாம் என்று.

செப்டம்பர் 26

சில்லு அப்படியே இருக்கிறது. இனிப்புக் கடைக்குப் போய் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிவந்தேன். என்ன விசேஷம் என்றாள் சம்பூர்ணம். ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 1

விடாத மழை. பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. இடுப்பு வலி.

அக்டோபர் 3, வியாழன்

எழுதினால் மனம் அடங்குமா பார்க்கிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து மிருதுளா படுக்கப் போனாள். சிறிது நேரத்தில் மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு "அப்பா!" என்று குரல். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால் அசையவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை என்று உள்ளேயிருந்து அழுகிறாள். தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன், சுவரோடு சுவராக நிற்கிறது. அவள் உள்ளேயிருந்து தட்டத் தட்ட வளையல்கள் உடைந்து விழும் சத்தம் கேட்டது. சம்பூர்ணம் தலையில் அடித்துக்கொண்டு, "எம் புள்ளைய வெளிய எடுங்க, எம் புள்ளைய வெளிய எடுங்க" என்று கத்தினாள். வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்து நெம்பி உடைத்தான். வெளியே வந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் இப்படிப் பயந்ததில்லை.

எல்லோரும் ஹாலுக்குப் போன பிறகு பீரோவை நகர்த்திப் பார்த்தேன். சில்லு இரண்டு துண்டாகியிருந்தது. பழைய ஃபிரேம் கண்ணாடிதானே, இற்றுப்போயிருக்கும்.

அக்டோபர் 4, வெள்ளி

விடிந்ததும் மிருதுளாவை ஈரோட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். சம்பந்தி வீட்டில் எங்கள் பக்கம் டெங்கு பரவுகிறது என்று சொன்னேன்.

கிளம்பும்போது சம்பூர்ணம் சமையலறையில் என்னை வழிமறித்தாள். "கட்டுச்சோறு கட்டிக் கூட்டியாந்த புள்ளைய, பெத்துக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் திருப்பிக் கொண்டுபோய் விடுவாங்களா? பெத்தவங்களால ஒரு பிரசவம் பாக்க முடியலைன்னு ஊரு பேசாதுங்களா?"

"டெங்கு" என்றேன்.

"எங்கிட்டயுமா டெங்கு?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது அந்த அறையைப் பெருக்கி வைத்திருந்தாள். உடைந்த வளையல் துண்டுகளையும் என் கண்ணாடிச் சில்லையும் ஒரே காகிதத்தில் மடித்து என் மேஜைமேல் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 6, ஞாயிறு

கூட்டம். போன மாதம் வளைகாப்பு வேலையில் தள்ளிப்போனது. டீச்சர் மறுபடி சோதனையைக் கேட்டார். இந்த முறை நாலைந்து பேர் அவர் பக்கம் சாய்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்பெனி எல்லா வெடிப்பையும் அடைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது, அவசரப்பட்டால் நம் பெயர்தான் கெடும் என்றேன்.

நாலாம் மாடி சுதர்சன் எழுந்தான். ஐ.டி. வேலை, இரட்டைப் பெண் குழந்தைகள், எங்கள் தலைக்கு நேர் மேலே வீடு. "செயலாளர் சார் புள்ளத்தாச்சிப் பொண்ணையே இங்க கூட்டியாந்து வெச்சிருக்காருங்க. அவரே தைரியமா இருக்கறப்ப நமக்கென்னங்க?" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். சோதனை வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் எழுந்தன.

டீச்சர் தூக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்து, "வெள்ளிக்கிழமை காலையில கார்ல பெட்டி ஏத்தினத நான் பாத்தேன் சார்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஏன் சத்தமாகச் சொல்லவில்லை என்றுதான் இப்போதுவரை யோசிக்கிறேன். அவரும் அந்த வீட்டை ஒருநாள் விற்க வேண்டுமே.

அக்டோபர் 19

புதுக் கதவு மாட்டினார்கள். சுவரையும் பூசியாயிற்று. நன்றாக இருக்கிறது. நாங்கள் இருவரும் ஹாலில் வாசல் பக்கமாகப் படுக்கிறோம், காற்றுக்காக.

நவம்பர் 14, வியாழன்

பேத்தி! ஈரோட்டில் காலையில் பிறந்தாள். சுகப்பிரசவம். என் மூக்கு, பாவம். கையில் வாங்கியதும் கண்ணைத் திறந்து பார்த்தாள். சம்பூர்ணம் பல நாளைக்குப் பிறகு என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினாள். "இவ மட்டும் நம்ம வீட்டுப் பக்கமே வரக் கூடாதுங்க." சரி என்றேன்.

நவம்பர் 20

பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஈரோட்டிலேயே ஒரு வாடகை வீடு பிடித்துவிட்டேன். மறுபடி வாடகை வீடுதான், இருக்கட்டும். சரவணம்பட்டி வீட்டைப் பூட்டிப் போட்டால் பாழாகிவிடும் என்று கந்தவேல் சொன்னார். அவரே ஆள் பார்த்துத் தருகிறாராம். இரண்டே நாளில் கிடைத்தும் விட்டது. சம்பூர்ணத்திடம் சொன்னேன். "யாராச்சும் வருவாங்கன்னா, அவங்ககிட்ட உள்ளதச் சொல்லிருங்க" என்றாள். என்ன உள்ளது, சொல்வதற்கு? நான் என்ன இன்ஜினியரா?

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று வாடகைக்கு வருபவர்கள் வந்தார்கள். சேலத்துப் பக்கம். பையன் பேச்சு குறைவு. பெண் துறுதுறுவென்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, இன்னும் நடை பழகவில்லை. மூலை அறைக்குள் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். "ஏங்க, இத பாப்பா ரூமா வெச்சுக்கலாம். கலர் பாருங்க, அவளுக்குன்னே அடிச்ச மாதிரி இருக்கு."

சம்பூர்ணம் வாய் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பால்காரர் எண், கேஸ் புத்தகம், குப்பை வண்டி வரும் நாள், எல்லாம் சொன்னேன்.

சாவி சம்பூர்ணத்தின் கையில் இருந்தது. கொடு என்றேன். கொடுக்கவில்லை. எதிரில் அவர்கள் நிற்கும்போது என்ன செய்வது? சிரித்துக்கொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்களுக்குப் பெரியவங்கன்னு யாருமில்லீங்க. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கம்மா" என்று எங்களை அருகருகே நிறுத்தி, புருஷனையும் இழுத்துக்கொண்டு காலில் விழுந்தாள். குழந்தையின் தலையையும் எங்கள் பாதத்தில் தொட்டு எடுத்தாள். சம்பூர்ணம் குனிந்து அந்தத் தலையில் கை வைத்தாள்.

அவர்கள் எழுந்திருக்காமல் காத்திருந்தார்கள். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். "நல்லா இருங்க" என்று நான்தான் சொன்னேன்.